குடிசை இருந்த மண்

எங்க மாமியார் கல்யாணமாகி வந்தப்போ, குடிசை பண்ணையார் நிலத்துல இருந்துச்சு. வேலைக்குப் போகலைன்னா காலி பண்ணச் சொல்லுவாங்களாம்.

நம்ம சேத்தூர் ஜமீன் ஊர். 1948-ல் வந்த சட்டத்தால் ஜமீன் முறை ஒழிந்தது. ஆனா கூலிக்காரங்க குடிசை மண் அவங்களுக்குக் கிடைக்கல. 1961-ல் குடியிருப்போரை வெளியேற்றாமல் காக்க ஒரு சட்டம் வந்தது. 1971-ல் வந்த குடியிருப்புச் சட்டம்தான் பெரிய மாற்றம். அந்த வருஷம் ஜூன் 19 அன்று பிறர் நிலத்தில் குடியிருந்த விவசாயத் தொழிலாளிக்கு அந்த மனையே சொந்தம் என்றது.

எங்களுக்கும் பட்டா வந்துச்சு, மாமனார் பேர்ல மட்டும். அவர் இறந்து பல வருஷம் கழிச்சு, வீடு கட்டக் கடன் கேட்டப்போதான் பேர் மாத்தாதது தெரிஞ்சது. அலைஞ்சு மாத்தினோம். இப்போ மாமியார் பேரும் பட்டாவுல இருக்கு.

சட்டம் வந்தா மட்டும் போதாது. உங்க பட்டாவுல யார் பேர் இருக்குன்னு இன்னைக்கே எடுத்துப் பாருங்க.