கண்டனத்தை ஆர் கேட்கிறது, ஆரிட்டக் கேட்கிறது?

2019 ஏப்ரல் 21 அன்று கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தது. செத்தவர்களில் எங்கட சனமும் நிறைய. அதுக்குப் பிறகு கொட்டாஞ்சேனை தொடங்கி வெள்ளவத்தை, ஹெவ்லொக் டவுன் வரைக்கும் தமிழர் பலரின் வாயில் ஒரு கேள்வி இருந்தது: "முஸ்லிம் ஆக்கள் ஏன் இதை வெளிப்படையாக் கண்டிக்கேல்லை?"

கண்டிச்சவை. குண்டுதாரிகளின் உடல்களை முஸ்லிம் மையவாடிகளில் அடக்க இடமில்லை என்று ஜம்இய்யத்துல் உலமா அறிவித்தது. அதற்கு முன்பே, 2017 இல், சஹ்ரானின் ஆட்கள் காத்தான்குடியில் மோதலில் இறங்கியபோது, அந்த ஊர் முஸ்லிம்களே வீதிக்கு இறங்கினார்கள், பொலிசிலும் முறையிட்டார்கள். கேட்க வேண்டியவர்கள் கேட்கவில்லை. 2019 மே மாதம் மினுவாங்கொடையிலும் குருநாகல் பக்கமும் முஸ்லிம்களின் கடைகளும் பள்ளிவாசல்களும் தாக்கப்பட்டபோது, சொன்ன கண்டனம் ஒருத்தரையும் காப்பாற்றவில்லை.

இந்தக் கேள்வி எங்களுக்குப் புதுசில்லை. 1983 ஆடிக் கலவரம் முடிந்த கையோடு, ஓகஸ்டில், ஆறாம் திருத்தம் வந்தது. தனிநாட்டை ஆதரிக்க மாட்டேன் என்று எம்பிமார் சத்தியம் செய்ய வேண்டும். அடிச்சவனிட்ட ஒரு சத்தியமும் கேட்கேல்லை. அடி வாங்கின சனத்தின்ர பிரதிநிதிகளின் கழுத்தில்தான் அது விழுந்தது. மறுத்த கூட்டணி எம்பிமார் ஆசனங்களை இழந்தார்கள். பேசித் தீர்க்க நினைத்தவர்கள் வெளியே போக, ஆயுதம் தூக்கியவர்களுக்கு இடம் விரிந்தது. அப்படி ஆசனம் இழந்த அமிர்தலிங்கத்தை 1989 ஜூலை 13 அன்று கொழும்பில் வைத்துச் சுட்டது புலிகள் இயக்கம்.

அப்ப பேசாமல் இருக்கலாமோ? அதுவும் சரிவராது. 1990 ஒக்டோபரில் புலிகள் வடக்கு முஸ்லிம்களைத் துரத்தினார்கள். யாழ்ப்பாண நகரில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். தமிழர்களில் பெரும்பாலானோர் வாய் திறக்கவில்லை. பயம் உண்மையானது. ஒரு வருடம் முன்பு, 1989 செப்டெம்பர் 21 அன்று, இயக்கங்களையும் படைகளையும் ஒரே தராசில் வைத்து விமர்சித்த ராஜனி திராணகம யாழ்ப்பாணத்தில் சைக்கிளில் வீடு திரும்பும்போது சுட்டுக் கொல்லப்பட்டிருந்தார்.

ராஜனியைப் பேசச் சொல்லி ஒருவரும் நெருக்கவில்லை. தன்ர சனத்துக்காக, தன்ர சனத்திட்டயே அவர் பேசினார். கேட்டு வாங்குற கண்டனம் விசுவாசப் பரீட்சை. தானாகச் சொல்லுறது பொறுப்பு. எங்கட பேரில நடந்ததைப் பற்றி நாங்கள் பேசத்தான் வேணும். பக்கத்து வீட்டுக்காரரிட்ட அதைக் கேட்டு வாங்கும் உரிமை எங்களுக்கில்லை. இனி அந்தக் கேள்வி வாய்க்கு வந்தால், 1990 பற்றி நாங்கள் இதுவரைக்கும் என்ன சொல்லியிருக்கிறம் எண்டு முதலில் பாப்பம்.