மெழுகுக் காகிதமும் கல்லெழுத்தும்

தஞ்சைப் பெரிய கோயில் விமானத்தின் அடியைச் சுற்றி ஓடும் கல்வெட்டுகளை 1858-ல் படம் பிடித்தவர் காப்டன் லின்னேயஸ் டிரைப். சென்னை அரசாங்கத்தின் போட்டோக்காரர்.

அப்போது கண்ணாடித் தகட்டில் கொலோடியன் பூசிப் படம் எடுப்பதுதான் புது நாகரிகம். பூச்சு ஈரமாக இருக்கும்போதே எடுத்து, கழுவியும் முடித்துவிட வேண்டும். நம் ஊர் வெயில் அதுவரை பொறுக்குமா? டிரைப் பெரும்பாலும் காகிதத்தையே நம்பினார். நல்ல காகிதத்தில் மெழுகை உருக்கி ஏற்றி, இஸ்திரி போட்டு, அயோடைடு கரைசலில் ஊறவைத்து, பிறகு வெள்ளி நைட்ரேட்டில் தோய்த்து எடுப்பார்கள். அந்தக் காகிதம் சில நாள் கெடாது. ஆனால் படம் விழ நிமிஷக் கணக்காகும்.

அப்படி எடுத்த 21 படங்களை ஒட்டி, சுமார் 19 அடி நீளத்தில் ஒரே படமாக்கினார்.

1859-ல் கவர்னராக வந்த டிரெவெல்யன், இதெல்லாம் ஆடம்பரச் செலவு என்று நிறுத்திவிட்டார். 1857 கலகத்துக்குப் பிறகு கஜானா இருந்த நிலையில் அவருக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

தானும் தமக்கையும் தேவியரும் மற்றவர்களும் கோயிலுக்குக் கொடுத்ததையெல்லாம் கல்லில் வெட்டச் சொன்னான் ராஜராஜன். கொடுத்தவர் பெயர் கல்லில் நின்றது. கல் காகிதத்தில் நின்றது. குறுக்கே நடந்து போனவன் மட்டும் மெழுகுக் காகிதத்தில் விழமாட்டான். அசையாமல் நிற்பதைத்தான் அது அறியும்.

கல்வெட்டை நான் தஞ்சாவூருக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். அன்று அதைச் சுற்றி வந்த ஜனங்களைப் பார்க்கத்தான் எனக்கு ஆசை.