ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ

ஃபார்முலா 1 உலகப் பட்டத்தை ஐந்து முறை வென்ற அர்ஜென்டினக் கார் பந்தய வீரர் ஹுவான் மனுவேல் ஃபாஞ்சியோ. 1911 ஜூன் 24 அன்று பால்கார்சே என்ற சிற்றூரில், இத்தாலியிலிருந்து குடியேறிய குடும்பத்தில் பிறந்தார். சிறுவயதிலேயே பட்டறையில் மெக்கானிக் வேலை பழகியவர். வண்டியின் வலுவும் நோவும் அவருக்கு உள்ளும் புறமுமாகத் தெரிந்திருந்ததற்கு அந்தப் பட்டறைதான் காரணம்.

தொடக்கத்தில் அவர் ஓட்டியது தென் அமெரிக்காவின் நெடுந்தூரச் சாலைப் பந்தயங்களில். 1940-ல் புவனோஸ் ஐரஸிலிருந்து ஆண்டிஸ் மலைத்தொடரைக் கடந்து லிமா சென்று திரும்பும் பந்தயத்தை ஷெவர்லே காரில் வென்றார். தொலைவு ஏறத்தாழ 9,500 கிலோமீட்டர். உலகப் பட்டப் போட்டி 1950-ல் தொடங்கியபோது அவருக்கு வயது 38.

மற்றவர்கள் ஓய்வை நினைக்கும் வயதில் அவருடைய பெரும் வெற்றிகள் தொடங்கின. 1951-ல் ஆல்ஃபா ரோமியோ காரில் முதல் பட்டம். அடுத்த ஆண்டு மோன்ஸா விபத்தில் கழுத்தெலும்பு முறிந்து, அந்தப் பருவமே கைவிட்டுப் போனது. மீண்டு வந்து 1954 முதல் 1957 வரை நான்கு ஆண்டுகளும் தொடர்ந்து பட்டம் வென்றார். 1954-ஐ மாசெராட்டியில் தொடங்கி மெர்சிடிஸில் முடித்தார். 1955-ல் மெர்சிடிஸ், 1956-ல் ஃபெராரி, 1957-ல் மீண்டும் மாசெராட்டி. 1956 பட்டத்தில் சக வீரர்களின் பங்கும் உண்டு. ஒரே காரை இருவர் மாறி ஓட்டிப் புள்ளியைப் பகிர அன்றைய விதி இடம் கொடுத்தது. இத்தாலியப் பந்தயத்தில் பட்ட வாய்ப்பு இருந்த பீட்டர் காலின்ஸே தம் காரை அவருக்கு விட்டுக்கொடுத்தார்.

அவருடைய பந்தயங்களில் ஒன்றை மட்டும் பார்க்க வேண்டுமென்றால் 1957 ஆகஸ்ட் 4-ஐப் பார்க்க வேண்டும். ஜெர்மனியின் நூர்பர்க்ரிங், ஒரு சுற்றே ஏறக்குறைய 23 கிலோமீட்டர், மொத்தம் 22 சுற்றுகள். ஃபெராரிகள் நிற்காமல் ஓடத் திட்டமிட்டிருந்தன. ஃபாஞ்சியோ பாதி எரிபொருளோடு இலகுவாகக் கிளம்பி, நடுவில் நின்று டயர் மாற்றி எரிபொருள் நிரப்ப முடிவு செய்தார். அந்த நிறுத்தம் நீண்டுவிட்டது. களத்துக்குத் திரும்பியபோது ஃபெராரி வீரர்களான ஹாதார்ன், காலின்ஸ் இருவருக்கும் முக்கால் நிமிடத்துக்கும் மேல் பின்தங்கியிருந்தார். பிறகு சுற்றுச் சாதனையை மீண்டும் மீண்டும் உடைத்தார். 20-ஆம் சுற்றை 9 நிமிடம் 17.4 நொடியில் முடித்தார். தகுதிச் சுற்றில் அவரே எடுத்த நேரத்தைவிட இது 8 நொடி குறைவு. 21-ஆம் சுற்றில் இருவரையும் முந்தி, 3.6 நொடி இடைவெளியில் வென்றார். ஐந்தாவது பட்டமும் அன்றே உறுதியானது. அதுவே அவரது கடைசி உலகப் பட்டப் பந்தய வெற்றியும்கூட.

1958 பிப்ரவரியில் ஹவானா பந்தயத்துக்கு முதல் நாள், ஃபிடல் காஸ்ட்ரோவின் இயக்கத்தினர் அவரைக் கடத்திச் சென்று, பந்தயம் முடிந்ததும் விடுவித்தனர். அதே ஆண்டு பிரெஞ்சுப் பந்தயத்தில் நான்காவதாக வந்து ஓய்வு பெற்றார். 1995 ஜூலை 17 அன்று காலமானார்.

பங்கேற்ற 51 உலகப் பட்டப் பந்தயங்களில் 24 வெற்றிகள்; 29-ல் முதலிடத்திலிருந்து புறப்பட்டவர். ஐந்து பட்டங்கள் என்ற சாதனையை 2003-ல்தான் மைக்கேல் ஷூமாக்கர் கடந்தார். நான்கு வெவ்வேறு அணிகளின் கார்களில் பட்டம் வென்ற இன்னொருவர் இதுவரை வரவில்லை.