எத்தியோப்பிய உயர்நிலம்: அரச வமிசமும் மனித வமிசமும்

1974ஆம் ஆண்டு செப்ரெம்பர் 12ஆம் நாள் எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி பதவியினின்றும் அகற்றப்பட்டார். சொலமன் மன்னனுக்கும் ஷேபா நாட்டரசிக்கும் பிறந்த மெனெலிக்கின் வழித்தோன்றலே பேரரசர் என 1955ஆம் ஆண்டின் அரசியலமைப்பு விதித்திருந்தது. அரசர் வீழ்ந்த அதே ஆண்டு நவம்பர் 24ஆம் நாள், அபார் தாழ்நிலத்திலுள்ள ஹடாரில், ஏறத்தாழ 32 இலட்சம் ஆண்டுகள் பழைமைவாய்ந்த எலும்புக்கூடொன்றின் பகுதிகள் கண்டெடுக்கப்பட்டன. ஆய்வாளர் முகாமில் ஒலித்த ஆங்கிலப் பாட்டொன்றினால் அது 'லூசி' எனப் பெயர்பெற்றது. எத்தியோப்பியர் அதனை 'டின்கினேஷ்', அதாவது 'நீ வியப்புக்குரியவள்' என்பர். இவ்விரு நிகழ்வுகளுக்கும் நேரடித் தொடர்பு யாதுமில்லை. எனினும், இந்நாட்டின் வரலாற்றை எங்கிருந்து தொடங்குவது என்ற வினாவை அவை ஒருங்கே எழுப்புகின்றன.

அரண்மனை வரலாறு வமிசாவளியிலிருந்து தொடங்கிற்று. நாம் நிலத்திலிருந்து தொடங்கலாம். சுமார் 3 கோடி ஆண்டுகளுக்கு முன் வெளிப்பட்ட எரிமலைக் குழம்பு படைபடையாக உறைந்ததனாலேயே இவ்வுயர்நிலத்தின் பெரும்பகுதி உருவாயிற்று. ஹடாரை ஊடறுத்தோடும் அவாஷ் ஆறு இங்கேதான் ஊற்றெடுக்கிறது. அதன் மேற்பகுதியில், ஏறத்தாழ 2,000 மீற்றர் உயரத்தில், மெல்கா குந்துரே என்னுமிடத்தில், ஆதிமனிதர் எரிமலைக் கண்ணாடிக் கல்லால் கருவிகள் செய்தனர்.

இதனினும் வியப்பளிப்பது தெற்கேயுள்ள பாலே மலைத்தொடரின் பின்சா ஹபெரா பாறைப் புகலிடமாகும். 3,469 மீற்றர் உயரத்திலுள்ள இவ்விடத்தில், 47,000 ஆண்டுகளுக்கும் 31,000 ஆண்டுகளுக்கும் இடைப்பட்ட காலத்தில் மனிதர் மீண்டும் மீண்டும் வந்து தங்கியமை 2019இல் வெளியான ஆய்வினால் புலனாயிற்று. அருகில் பனியாறுகள் இருந்தன. காற்றோ அடர்த்தி குறைந்தது. பெரிய வளையெலிகளைச் சுட்டுத் தின்று, பனியாறுகளுக்கு அப்பாலிருந்து கண்ணாடிக் கல் கொணர்ந்து அவர்கள் வாழ்ந்தனர். உயர்மலைகள் மனிதர் மிகப் பிந்தியே சென்றடைந்த இடங்கள் என்ற எண்ணம் இதனால் ஆட்டங்கண்டது.

ரெஃப் என்னும் நுண்தானியமும் எருது பூட்டிய கலப்பையும் இவ்வுயர்நிலத்தின் பிற்கால வாழ்வைத் தாங்கின. வடபகுதியில் குடியானவரின் மரபுவழி நிலவுரிமை 'ரிஸ்த்' எனப்பட்டது. அவர்களிடம் திறைபெறும் மேலோரின் உரிமை 'குல்ற்' எனப்பட்டது. மன்னரின் கொடையாகப் போற்றப்படும் மாளிகைகளுக்கும் மடாலயங்களுக்கும் பின்னால் இத்திறையே நின்றது.

அக்சூம் தூணை நோக்குக. 24 மீற்றர் உயரமான அத்தூணை முசோலினியின் படையினர் 1937இல் றோமுக்குக் கவர்ந்து சென்றனர். 1947ஆம் ஆண்டுச் சமாதான உடன்படிக்கை கொள்ளைப் பொருள்களைத் திருப்பியளிக்குமாறு பணித்தும், அது 2005இலேயே தாயகம் மீண்டது. 2008இல் மறுபடியும் நிறுத்தப்பட்டது. அம்மீட்பு நியாயமானதே. ஆயின் தூணைக் களவாடியவனைப் பற்றி எழுதப்பட்டதில் ஒரு சிறு பங்குதானும், அதனைக் கோபெத்ரா குன்றில் வெட்டி, ஏறக்குறைய 4 கிலோமீற்றர் இழுத்துவந்தோரைப் பற்றி எழுதப்படவில்லை.

1975 மார்ச்சில் கிராமிய நிலம் யாவும் அரசுடைமையாக்கப்பட்டது. நிலப்பிரபுவின் பிடி தளர்ந்தது உண்மை. ஆனால் நிலவுடைமை அரசின் கைக்கே சென்றது. 1984-85இன் கொடும் பஞ்சத்தில் மடிந்தோரும் பெரும்பாலும் அதே குடியானவரே.

தெற்கே கொன்சோ மக்கள், வன்சரிவுகளில் கல்லடுக்கி, மண்ணரிப்பைத் தடுத்துப் படிவயல்கள் அமைத்துள்ளனர். இருபதுக்கு மேற்பட்ட தலைமுறைகளின் உழைப்பு அது. அங்கும் கற்கள் நாட்டப்படுகின்றன: பொறுப்பு ஒரு தலைமுறையிடமிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறும்போது, ஊர்ச் சதுக்கத்தில் ஒரு கல்.