அமெரிக்கக் கலாசாலைகளும் அயல்நாட்டு மாணாக்கரின் பொருள் நிலையும்

கடல் கடந்து அமெரிக்கா சென்று கல்வி பயில விரும்பும் இளைஞர் நம் சங்கத்து அன்பர்களின் இல்லங்கள் பலவற்றில் உளர். அவர்தம் பெற்றோர் முதற்கண் வினவுவது, பெயர் பெற்ற கலாசாலை எது என்பதே. போதிய கைப்பொருள் உடையார்க்கு அவ்வினா தகும். நிலத்தை ஈடு வைத்தும் நகையை விற்றும் பிள்ளையை அனுப்பக் கருதுவோர் அதற்கு முன்னர் வினவற்பாலது வேறொன்று உண்டு. அங்கே பொருள் கொடுப்பவர் யார், எந்த நிபந்தனையின்மேல் கொடுக்கிறார், இறுதிவரை கொடுப்பாரா என்பது அது. இவ்வினா நம் காலத்தில் தோன்றியதன்று என்பதைச் சரித்திரங்கொண்டு காட்டுவோம்.

யுங் விங் என்னும் சீனர் 1828ஆம் ஆண்டில் மாக்கௌ நகருக்கு அருகே ஓர் ஏழைக் குடும்பத்திற் பிறந்தவர். தம் ஆசிரியராகிய பிரௌன் பாதிரியாருடன் 1847இல் அமெரிக்கா அடைந்து, மாசாச்சூசெட்ஸ் மாகாணத்து மான்ஸன் பாடசாலையிற் பயின்றார். ஹாங்காங்கிலிருந்த சில கனவான்கள் அவருக்குப் பொருளுதவி வந்தனர். மேற்கொண்டு பயில்வதாயின் ஸ்காட்லாந்து தேசத்து எடின்பரோ சர்வகலாசாலைக்குச் செல்லுதல் வேண்டுமென்றும், அங்ஙனமாயின் உதவி தொடருமென்றும் அவர்கள் தெரிவித்தனர். அவரோ யேல் கலாசாலையையே விரும்பினார். மான்ஸன் பாடசாலையின் தருமகர்த்தர்களிடம் ஏழை மாணாக்கர்க்கென ஒரு நிதி இருந்தது. ஆனால் அதனைப் பெறுவோர், படிப்பு முடிந்தபின் சமய ஊழியம் புரிவதாக உறுதிமொழி தருதல் வேண்டும். கையிற் காசில்லாத அவ்விளைஞர் அதற்கு இசைந்திலர். தாய்நாட்டிற்கு எவ்வகையிற் பயன்படலாம் என்பதை முன்கூட்டியே ஓர் உறுதிமொழியாற் கட்டிவைத்தல் ஆகாதென்பது அவர் துணிபு. இத்துணிபு எல்லார்க்கும் வாய்க்குமென்று நாம் சொல்லத் துணியோம்.

பின்னர்ப் பிரௌன் பாதிரியாரின் முயற்சியால் ஜார்ஜியா மாகாணத்து ஸவான்னா நகரின் மாதர் சங்கத்தார் உதவ முன்வந்தனர். 1850இல் யேலிற் சேர்ந்த யுங் விங், மாணாக்கர் கூடி உண்ணும் விடுதி ஒன்றிற்குச் சாமான் வாங்கிக் கொடுத்தும், பந்தியிற் பரிமாறியும் தம் உணவுச் செலவை ஈட்டிக்கொண்டார். ஒரு விவாத சபையின் நூல்நிலையத்திலும் வேலை பார்த்தார். 1854இற் பட்டம் பெற்று, அமெரிக்கக் கலாசாலையிற் பட்டம் எய்திய முதற் சீனர் ஆயினார்.

கதை இத்துடன் முடிந்திலது. அவருடைய பெருமுயற்சியால் 1872 முதற்கொண்டு 120 சீனச் சிறுவர் அரசாங்கச் செலவில் அமெரிக்காவிற்கு அனுப்பப்பெற்றனர். சிறுவர்கள் தம் நாட்டு ஒழுக்கத்தை மறந்து அந்நியராகி வருகின்றனர் என்று சீன அதிகாரிகள் ஐயுற்று, 1881இல் அவர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டனர். அவருட் பெரும்பாலோர் கலாசாலைப் படிப்பு முடியாமலே கப்பலேற நேர்ந்தது. கொடுப்பவர் மனம் மாறினமையின் விளைவு இது.

நம் தேசத்தாரிடத்தும் இதனைக் காணலாம். டாக்டர் அம்பேத்கர் 1913இற் பரோடா மன்னரின் உபகாரச் சம்பளத்தைக் கொண்டு கொலம்பியா சர்வகலாசாலை புகுந்தார். அதற்கு ஈடாகப் பத்தாண்டுகள் அந்தச் சமஸ்தானத்தில் ஊழியம் புரிவதாக ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது. 1922இற் சென்ற ஜெயப்பிரகாச நாராயணரோ எவருடைய உபகாரமும் இன்றித் திராட்சை பறித்தும் பாத்திரம் துலக்கியும் பயின்றார். கலிபோர்னியாவிற் சம்பளம் உயர்ந்தபோது, செலவு குறைந்த அயோவாவிற்கு மாறிச் சென்றார். மிச்சிகன் சர்வகலாசாலையில், ஆசிய மாதர்க்கென்றே லீவை பார்பர் என்னும் கனவான் 1917இல் நிறுவிய நிதி வேறு வகையது. சென்னைப் பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் ஆசிரியையாயிருந்த ஜானகி அம்மாள் அதன் உதவியால் தாவர நூல் பயின்று, 1931இல் அங்கே டாக்டர் பட்டம் பெற்றார்; பின்னர்க் கோயம்புத்தூர்க் கரும்பு ஆராய்ச்சி நிலையத்தில் அவர் செய்த பணி அறிஞர் அறிந்ததே. அவருக்கு உதவியது மூலதனமாக வைக்கப்பட்ட நிதி. தனி மனிதரின் அவ்வப்போதைய மனநிலையைச் சார்ந்ததன்று.

இக்காலத்து நிலைமைக்கு வருவோம். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், ஆம்ஹர்ஸ்ட் முதலிய மிகச் சில கலாசாலைகளே, அயல்நாட்டு மாணாக்கரையும் பொருள் நிலை பாராமற் சேர்த்துக்கொண்டு, தேவை முழுவதற்கும் உதவுகின்றன. அங்கே இடம் பெறுதல் அரிதினும் அரிது. இவ்வழக்கமும் எப்பொழுதும் நிலையானதன்று. டார்ட்மவுத் கலாசாலை 2008இல் இதனை அயல்நாட்டார்க்கு விரித்து, 2015இற் கைவிட்டு, 2022இற் பெருங்கொடை ஒன்று கிடைத்தபின் மீண்டும் ஏற்றது. கலாசாலைகளுட் பல, உதவி வேண்டுவோரைச் சேர்க்கும்போது அவர்தம் தேவையையும் எண்ணிப் பார்க்கின்றன. அவற்றுட் சில, சேர்த்துக்கொண்டவர்க்கு முழுதும் உதவுகின்றன. வேறு சில, ஒரு பகுதியே கொடுத்து எஞ்சியதைப் பெற்றோர் தலையில் வைக்கின்றன. கெண்டக்கி மாகாணத்து பெரியா கலாசாலை 1892 முதல் கல்விச் சம்பளமே வாங்குவதில்லை. மாணாக்கர் அனைவரும் அங்கே உடலுழைத்தல் வேண்டும். ஆயினும் அது சேர்க்கும் அயல்நாட்டார் சிலரே.

இவற்றிடையே நம்மவர் பலரும் இடறும் இடம் ஒன்றுண்டு. உதவி கேட்டால் இடம் கிடைக்காதென்று அஞ்சி, விண்ணப்பத்தில் உதவி வேண்டாமென்று எழுதிவிட்டு, சேர்ந்தபின் கேட்டுக்கொள்ளலாம் என்று எண்ணுகின்றனர். அங்ஙனம் சேர்ந்த அயல்நாட்டார்க்குப் பின்னர் உதவுவதில்லை என்பது பல கலாசாலைகளின் விதி. ஜெயப்பிரகாசர் வழியும் இன்று அடைபட்டது. மாணவ விசாவில் இருப்போர் படிப்புக் காலத்திற் கலாசாலைக்குள்ளேயே, வாரம் 20 மணி நேரத்திற்கு மேற்படாமல் வேலை செய்யலாம். வெளியே தம் விருப்பப்படி கூலிக்குச் செல்லுதல் சட்ட விரோதம். விசாவிற்கு வேண்டிய ஐ-20 என்னும் பத்திரத்தைக் கொடுக்குமுன், முதலாண்டுச் செலவுக்குப் பொருள் எங்கிருந்து வருமென்று கலாசாலை சான்று கேட்கும். அப்பொழுது ஏனைய ஆண்டுகளுக்கும் உதவி உண்டா, சம்பளம் உயர்ந்தால் உதவியும் உயருமா, மதிப்பெண் குறைந்தால் நின்றுவிடுமா, கொடுப்பதில் எவ்வளவு கடன் என்ற வினாக்களை எழுத்து மூலமாகவே கேட்டு, விடையை எழுத்து மூலமாகவே பெற்று வைத்துக்கொள்ளும்படி அன்பர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.