சேர்வராயன் உச்சியும் தூர்தர்ஷனின் ஒரு நாளும்

தொலைக்காட்சி வரலாற்றைத் திறப்பு விழாத் தேதிகளாக எழுதிவிடுவது நம் வழக்கம். தில்லியில் 1959 செப்டம்பர் 15, பம்பாயில் 1972 அக்டோபர் 2, சென்னையில் 1975 ஆகஸ்ட் 15. தேதிகளில் பிழையில்லை. ஆனால் சென்னை நிலையம் திறந்த அன்று சேலத்தை ஒட்டிய சேர்வராயன் மலையின் ஏற்காட்டிலும் தலைச்சோலையிலும் எவரும் எதையும் பார்க்கவில்லை. சேலத்திலும் அதே கதைதான். தொலைக்காட்சி அலை நேர்க்கோட்டில் போவது. சமவெளிக் கோபுரத்திலிருந்து புறப்பட்டால் நூறு கிலோமீட்டர் போவதற்குள் பூமியின் வளைவு அதை மறைத்துவிடும். சேலமோ சென்னையிலிருந்து நேர்க்கோட்டிலேயே ஏறத்தாழ 280 கிலோமீட்டர். ஆகவே தமிழ்நாட்டில் தொலைக்காட்சி பரவிய கதையை நகரங்களை வைத்துச் சொல்வதைவிட மலைகளை வைத்துச் சொல்வதே சரி.

இதற்கு நல்ல சான்று கடலுக்கு அப்பால் இருக்கிறது. 1982 பிப்ரவரியில் இலங்கையின் ரூபவாஹினி ஒளிபரப்பு தொடங்கியது. அதன் கோபுரம் 2,524 மீட்டர் உயரமுள்ள பிதுருதலாகலை மலைமீது நின்றது. தென் மாவட்டக் கடற்கரை ஊர்களில் நெடிய மூங்கிலில் ஆன்டெனா கட்டியவர்களுக்குச் சென்னை கிடைக்கவில்லை, கொழும்பு கிடைத்தது. உயரம் இருந்தால் எல்லைக்கோடு குறுக்கே நிற்காது என்பதைத் தமிழ்நாட்டுப் பார்வையாளர் பொறியியல் படிக்காமலேயே தெரிந்துகொண்டார்.

சேர்வராயன் மலைக்கு அந்த உயரம் உண்டு. ஏற்காடு ஏறத்தாழ 1,500 மீட்டர். சேர்வராயன் கோயில் உச்சி 1,600க்கும் மேல். சேலம் நகரம் முந்நூறைத் தொடுவதில்லை. இந்த வித்தியாசத்தைக் கணக்குப் போட்டால், மலையிலிருந்து புறப்படும் அலை சமவெளியில் நூறு கிலோமீட்டரைத் தாண்டும். நாமக்கல், ஈரோடு, தருமபுரி எல்லாம் அந்த வட்டத்துக்குள் வந்துவிடுகின்றன. 1820களில் சேலம் ஆட்சியர் காக்பர்ன் காப்பிக்கு உகந்ததென்று கண்ட அதே உயரத்தை, பின்னாளில் தூர்தர்ஷன் தன் ஒளிபரப்புக் கோபுரத்துக்கு உகந்ததாகக் கண்டது. கொடைக்கானல் கோபுரம் மதுரைப் பக்கத்துக்குச் செய்த வேலையை ஏற்காடு கொங்குப் பக்கத்துக்குச் செய்தது.

மலையில் இருப்பவர்களுக்கு மட்டும் இது முழு வரமாக அமையவில்லை. கோபுரம் கண்ணுக்குத் தெரிகிற ஊரில் படம் பளிங்காக விழும். மலை மடிப்புக்குப் பின்னால் பதுங்கிய ஊரில் புள்ளி மழைதான். ஒருவர் கூரைமேல் நின்று கம்பத்தைத் திருப்ப, உள்ளேயிருந்து ஒருவர் “வருது, வருது... ஐயோ, போச்சு” என்று குரல் கொடுப்பார். காற்றடித்தால் மறுபடி முதலிலிருந்து.

அலை வந்து சேர்ந்ததா என்பது பாதிக் கேள்விதான். எந்த ஊர் அலை என்பது மீதி.

1982 ஆகஸ்ட் 15 அன்று தேசிய நிகழ்ச்சி தொடங்கியது. வண்ணமும் அதோடு வந்தது. நவம்பரில் தில்லி ஆசிய விளையாட்டு. அடுத்த ஆண்டு ஏவப்பட்ட இன்சாட்-1பி செயற்கைக்கோள் வந்தபின் சிறு மறுஒளிபரப்பு நிலையங்கள் மளமளவென்று எழுந்தன; 1984இல் ஒரு கட்டத்தில் நாளுக்கு ஒன்று என்ற வேகம். இந்தச் சிறு நிலையங்கள் செயற்கைக்கோளிலிருந்து வாங்கியது தில்லியைத்தான். சென்னையில் தயாரான தமிழ் நிகழ்ச்சி அந்த வழியில் வரவில்லை. பெட்டி வாங்கி, அஞ்சலகத்தில் உரிமமும் எடுத்து, மாலை முழுக்க இந்தி கேட்டுக்கொண்டிருந்த தமிழ்க் குடும்பங்கள் அப்படி உருவானவை. மொழிச் சிக்கலென்று மட்டும் இதைப் பேசுகிறோம். என் பார்வையில் இது பாதி இணைப்புச் சிக்கல்.

ஆகவே ‘தேசிய அலைவரிசையின் ஒரு நாள்’ என்பது ஒரே கையால் நெய்த துணி அல்ல. 1987 பிப்ரவரியில் அன்றாடக் காலை ஒளிபரப்பு தொடங்கியது. பிற்பகலில் 1984 முதலே பல்கலைக்கழக மானியக் குழுவின் ஆங்கிலப் பாடங்கள். மாலையில், சென்னையோடு இணைப்பு இருந்த ஊர்களில், சென்னை: வயலும் வாழ்வும், கண்மணிப் பூங்கா, தமிழ்ச் செய்தி, நேயர் கடிதங்களுக்கு எதிரொலி, வெள்ளிக்கிழமையானால் ஒளியும் ஒலியும். இரவு மறுபடி தில்லி. இணைப்பு அறுந்தால் “தடங்கலுக்கு வருந்துகிறோம்” அட்டை. அந்த நாளில் அதிகம் பார்க்கப்பட்ட நிகழ்ச்சி அதுதான் என்று சொன்னால் மிகையாகாது.

ஞாயிறுதான் இந்த ஒட்டுத்துணியின் முழு அழகு. 1987 ஜனவரி 25 முதல் காலை ராமாயணம், 1988 அக்டோபர் முதல் மகாபாரதம், இரண்டும் இந்தியில். பிற்பகல் மாநில மொழிப் படம். வங்காளமோ மலையாளமோ, அடியில் ஆங்கில வரிகளோடு. மாலையில் தமிழ்ப் படம், நடுவே நிறுத்திச் செய்தி. சேலம் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸ் எடுத்த படமொன்று அன்றைக்கு வாய்த்தால், மலையடிவாரத்தில் பிறந்த படம் சென்னை போய், அலையாகித் திரும்பி மலை ஏறியது என்றாகும்.

1993 ஏப்ரலில் இந்த அமைப்பு ஆட்டங்கண்டது. 14ஆம் தேதி சன் டிவி வந்தது. மறுநாள் தூர்தர்ஷனின் தமிழ்ச் செயற்கைக்கோள் அலைவரிசை. அலை இனிப் பக்கவாட்டில் வரத் தேவையில்லை, நேரே மேலிருந்து இறங்கியது. மடிப்புக்குள் இருந்த ஊரும் உச்சியில் இருந்த ஊரும் குடைத்தட்டுக்கு முன் ஒன்றாயின. 2006இல் தமிழக அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சி கொடுக்கத் தொடங்கியபோது, பலர் வீட்டுக் கூரைகளிலிருந்து மீன்முள் ஆன்டெனா இறங்கிவிட்டிருந்தது. தரைவழி அனலாக் ஒளிபரப்பை 2021-22இல், தூர்தர்ஷனை நடத்தும் பிரசார் பாரதி நாடெங்கும் பெருமளவு மூடியது.

2000இல் ‘பொதிகை’ என்று ஒரு மலையின் பெயரைத் தாங்கிய அந்தத் தமிழ் அலைவரிசை, 2024 ஜனவரி 19 முதல் ‘டிடி தமிழ்’.

திறப்பு விழாத் தேதிகள் அரசுக் கோப்பில் பத்திரமாக இருக்கும். மலைமேல் ஒரு குடும்பம் எந்த ஆண்டு, எந்த ஊர் அலையை, எத்தனை அடிக் கம்பத்தில் பிடித்தது என்பது அந்த வீட்டுப் பரணில்தான் கிடக்கிறது. பழைய உரிமப் புத்தகமோ, கூரையில் ஆன்டெனாவோடு எடுத்த புகைப்படமோ உங்கள் வீட்டில் இருந்தால் எடைக்குப் போட்டுவிடாதீர்கள்.