கல்லும் களியும் தண்ணியும்: காங்கேசன்துறைச் சீமெந்தின் கதை

புத்தாண்டு மலருக்கு ஏதாவது எழுதித் தாரும் எண்டு சங்கத்தில் கேட்டார்கள். கவிதை எனக்கு வராது. ஏ.எல். உடன் படிப்பை விட்டவன் நான். இங்கே ஆர்கவ் கன்ரோனில் கொங்கிறீற் கல் வார்க்கிற தொழிற்சாலையில் வேலை. ஆகவே தினமும் என் சப்பாத்தில் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருகிற சாமானைப் பற்றியே எழுதுகிறேன்: சீமெந்து.

எங்கட அப்பா காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலையில் 1990 வரை வேலை செய்தவர். அந்த வருசம் வலிகாமம் வடக்குச் சனம் இடம்பெயர்ந்தபோது எனக்கு இரண்டு வயது. ஆலை ஓடியதை நான் கண்டதில்லை. ஆனால் அதன் கதையை ரெலிபோனில் எத்தனை தரம் கேட்டிருப்பேன் எண்டு கணக்கில்லை.

1948இல் கைத்தொழில் அமைச்சராக வந்த ஜீ.ஜீ. பொன்னம்பலத்தின் காலத்தில், 1950இல் அங்கே உற்பத்தி தொடங்கியது. ஆலையை அவர்தான் கொண்டுவந்தார் எண்டு எங்கட ஆக்கள் பெருமையாய்ச் சொல்லுவினம். அவருக்குரிய பங்கு அவருக்கு. ஆனால் ஆலையை அந்த இடத்துக்கு இழுத்தது கல்லுத்தான்.

சீமெந்துக்கு ஏறக்குறைய நாலு பங்கு சுண்ணாம்புக் கல்லும் ஒரு பங்கு களிமண்ணும் வேணும். இரண்டையும் அரைத்துக் கலந்து, சூளையில் 1450 பாகை அளவில் சுட்டால் கறுத்த உருண்டைகளாய் கிளிங்கர் வரும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சீமெந்து. சுத்தமான சுண்ணாம்புக் கல் 100 கிலோவைச் சுட்டால் 44 கிலோ கரியமில வாயுவாய்ப் புகையோடு போய்விடும். கல்லைத் தூர இடத்துக்கு ஏற்றிப்போனால், பாதிக்குக் கிட்டக் காத்துக்குத்தான் கூலி கொடுக்க வேண்டிவரும். அதனால் உலகம் முழுக்கச் சூளை கல்லைத் தேடிப்போகும். கல் சூளையைத் தேடி வராது.

யாழ்ப்பாணக் குடாநாட்டின் கல் மயோசீன் காலத்துக் கடலடியில் படிந்தது. 50 லட்சம் ஆண்டுக்கும் 2 கோடியே 30 லட்சம் ஆண்டுக்கும் இடைப்பட்ட பழசு. நல்ல சுத்தமான கல்சைற்று. மக்னீசியம் குறைவு. மக்னீசியம் கூடினால் பிற்காலத்தில் சீமெந்து ஊதி வெடிக்கும், ஆகவே இது பெரிய கொடுப்பினை. ஆனால் கல் சுத்தமாய் இருப்பதில் ஒரு கரைச்சலும் உண்டு. அதற்குள் களி இல்லை. சீமெந்துக்கு வேண்டிய சிலிக்கா, அலுமினா, இரும்பு எல்லாவற்றையும் வெளியிலிருந்து கொண்டுவர வேணும்.

இங்கே எங்கட கன்ரோனில் வில்லிகன் எண்ட இடத்துக் கல்லுமலையில் சுண்ணாம்புக் கல்லும் களி கலந்த மார்ள் கல்லும் ஒரே இடத்தில் கிடக்கிறது. உடைத்து நாடாவில் போட்டால் நேரே ஆலைக்குப் போகும். காங்கேசன்துறைக்குக் களி மன்னார் மாவட்டத்து முருங்கனிலிருந்து றெயிலில் வந்தது. வரைபடத்தை எடுத்துப் பாருங்கோ: முருங்கனில் ஏறிய களி முதலில் தென்கிழக்கே மதவாச்சிக்குப் போய், அங்கிருந்து திரும்பி வடக்கே கடைசி ஸ்ரேசன் வரைக்கும் வரவேணும். கட்டுக்கரைக்குளத்துத் தண்ணியில் நெல் விளைகிற பக்கத்து மண் அது. மொன்மொறிலோனைற்று எண்ட கனிமம் நிறைந்த கறுத்தக் களி. மழைக்கு ஊதி ஒட்டும், கோடையில் பாளம் பாளமாய் வெடிக்கும். 1990இல் றெயிலும் நிண்டது, ஆலையும் நிண்டது. அதற்குப் பிறகு வந்த பொருளாதாரத் தடையில் குடாநாட்டுக்குச் சீமெந்தே தடைசெய்யப்பட்ட பொருள். சீமெந்துக் கல்லுக்கு மேலே குடியிருந்துகொண்டு ஒரு பை சீமெந்துக்கு ஏங்கிய சனம் நாங்கள்.

2015இல் காங்கேசன்துறைக்கு மீண்டும் றெயில் வந்தது. சூளை எரியவில்லை. ஆலையைத் திரும்பத் திறக்கவேணும் எண்ட பேச்சு ஒவ்வொரு அரசாங்கத்துக்கும் வந்து போகிறது. எங்கட சங்கத்திலும் தேத்தண்ணி நேரத்தில் இது சண்டையாகும். வேலை வரும், ஊர் எழும்பும் எண்டு ஒரு பக்கம். நானும் ஒரு காலம் அந்தப் பக்கம்தான். பிறகு ஏ.எல். புவியியல் கொப்பியை நினைவில் புரட்டிப் பார்த்தேன்.

குடாநாட்டில் வருசம் முழுக்க ஓடுகிற ஆறு கிடையாது. கிணறுதான் எல்லாம். அந்தக் கிணத்துத் தண்ணி இருப்பது இதே கல்லின் வெடிப்புக்குள்ளும் பொந்துக்குள்ளும்தான். கடல் தண்ணி பாரம் கூடியது. அதன் மேலே மழைத்தண்ணி ஒரு வில்லைபோல மிதக்கிறது. பொதுக் கணக்கு இதுதான்: கடல் மட்டத்துக்கு மேலே நல்லதண்ணி ஒரு அடி நிண்டால், கீழே நாற்பது அடி ஆழத்துக்கு நல்லதண்ணி. மேலே ஒரு அடி இறங்கினால் கீழே உப்பு நாற்பது அடி ஏறும். அப்படியெண்டால் கல்லைத் தோண்டுவது மூலப்பொருள் எடுப்பது மட்டுமில்லை, தண்ணிப் பானையை உடைப்பதும்தான். சீமெந்துப் பையின் விலையில் எண்ணெய்க் காசு, ஜிப்சக் காசு, றெயில் கூலி எல்லாம் இருந்திருக்கும். பானையின் விலை இருந்திராது.

அதற்காக ஆலையே வேண்டாம் எண்டு நான் சொல்லவில்லை. கிளிங்கர் சீமெந்தைப்போல ஈரத்துக்குக் கெதியாய்ப் பழுதாகாது, கப்பலில் போகும். அந்த நாளில் காங்கேசன்துறைக் கிளிங்கரைக் காலிக்குக் கொண்டுபோய்த்தான் அரைத்தவை. இப்ப அதை மறுபக்கமாய்ச் செய்யலாம். துறைமுகம் பக்கத்திலேயே கிடக்கிறது. வெளியிலிருந்து கிளிங்கரை இறக்கி அங்கே அரைக்கட்டும். வேலை குறையத்தான் செய்யும், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஒரு கல்லும் தோண்டத் தேவையில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை இதை அப்பாவுக்குச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். "சூளை இல்லாட்டி அது பக்டரி இல்லையடா தம்பி, மா அரைக்கிற மில்" எண்டார். பிறகு, எங்கட வளவுக் கிணத்தில் இப்ப எத்தனை முழம் தண்ணி நிக்குதாம் எண்டு சித்தப்பாவிடம் கேட்டுச் சொல்லச் சொன்னார்.